கிளியூர், ஏற்காடு

இக்கட்டுரை ஏற்காட்டை அடுத்துள்ள கிளியூரைப் பற்றியது. இதே பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் உள்ளன.

கிளியூர் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலையில் அமைந்துள்ள ஒரு சிற்றூரும் அதைச் சார்ந்த பள்ளத்தாக்கும் ஆகும். இது ஏற்காடு ஏரியில் இருந்து ஏறத்தாழ 3 கி.மீ தொலைவில் உள்ளது. இங்குள்ள கிளியூர் நீர்வீழ்ச்சியால் இவ்வூர் பரவலாக அறியப்படுகிறது. இந்நீர்வீழ்ச்சிக்குத் தனியான ஆறு எதுவும் இல்லை. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் மிகை நீரும், வழியில் அதனுடன் சேரும் ஓடைகளின் நீருமே நீர்வீழ்ச்சியாகப் பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. ஆகவே மலை உச்சியின் மண், ஏரி, காப்பித் தோட்டங்கள், ஏற்காடு நகர் ஆகிய அனைத்தின் நிலையும் கிளியூருக்கு வரும் நீரின் அளவையும் தன்மையையும் தீர்மானிக்கின்றன.

பெயர்

கிளியூர் என்னும் பெயர் கிளி, ஊர் ஆகிய இரு சொற்களின் சேர்க்கை ஆகும். பறவை, விலங்கு, மரம் ஆகியவற்றின் பெயருடன் ஊர் என்னும் சொல் சேர்ந்து வரும் இடப்பெயர்கள் தமிழகத்தில் மிகுதியாக உள்ளன. கல்வெட்டுகளில் இடம்பெறும் கிளியூர் மலையமான்கள் நடுநாட்டைச் சேர்ந்த குறுநில மன்னர்கள் ஆவர். அவர்களது கிளியூர் வேறு, சேர்வராயன் மலையில் உள்ள இந்தக் கிளியூர் வேறு.

அண்மையில் உள்ள ஏற்காட்டின் பெயர் ஏரி, காடு ஆகிய சொற்களில் இருந்து தோன்றியதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. மலைக்குப் பெயர் தந்த சேர்வராயன், மலைவாழ் மக்கள் வழிபடும் தெய்வம் ஆகும்.

அமைவிடமும் நில அமைப்பும்

ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் மலைத்தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 390 சதுர கி.மீ ஆகும். இது கூர்மையான சிகரங்களைக் கொண்ட மலை அன்று. மேற்பகுதி அலை அலையான மேட்டுநிலமாகவும், விளிம்புகள் செங்குத்தான சரிவுகளாகவும் அமைந்துள்ளன. வாணியாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு இம்மலையைக் கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாகப் பிரிக்கிறது. சேலம் நகரின் ஊடாக ஓடும் திருமணிமுத்தாறும், எடப்பாடிப் பகுதியின் வழியே சென்று காவிரியில் கலக்கும் சரபங்கா ஆறும் இம்மலைத்தொகுதியிலேயே தோன்றுகின்றன.

நீர்வீழ்ச்சி உருவானதன் காரணத்தை இந்த நில அமைப்பிலேயே காணலாம். மேட்டுநிலத்தின் மீது மெதுவாக ஓடிவரும் ஓடை, விளிம்பை அடைந்ததும் திடீரெனக் கீழிறங்க வேண்டியுள்ளது. இம்மலையின் அடிப்பாறை சார்னோக்கைட்டு என்னும் மிகக் கடினமான உருமாறிய பாறை ஆகும். நீர் இப்பாறையை எளிதில் அரித்துச் சாய்வாக்க முடிவதில்லை. எனவே செங்குத்தான பாறைமுகம் நெடுங்காலம் நிலைத்து நிற்கிறது.

சார்னோக்கைட்டு என்னும் பெயர், கொல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய யோபு சார்னோக்கின் கல்லறைக் கல்லில் இருந்து வந்தது. அக்கல் இப்பாறை வகையைச் சேர்ந்தது என்பதால், நிலவியலாளர் தாமசு ஆலந்து 1893-ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளிலும் இதே வகைப் பாறைகள் உள்ளன.

கிளியூர் நீர்வீழ்ச்சி

கிளியூர் நீர்வீழ்ச்சியின் உயரம் ஏறத்தாழ 300 அடி, அதாவது 90 மீட்டர் ஆகும். நீர்வீழ்ச்சிக்கு நீர் வந்து சேரும் முறையைப் பின்வருமாறு விளக்கலாம்.

மேட்டுநிலத்தின் நடுவே உள்ள ஒரு தாழ்ந்த பகுதியில் ஏற்காடு ஏரி அமைந்துள்ளது. சுற்றியுள்ள குன்றுகளில் பெய்யும் மழை சிற்றோடைகள் வழியே ஏரியை அடைகிறது. ஏரி நிரம்பும் வரை அந்நீர் அங்கேயே தேங்குகிறது. நிரம்பிய பின்னர் மிகை நீர் மறுகால் வழியாக வெளியேறி, தோட்டங்களுக்கு இடையே ஓடையாகச் சென்று, மேட்டுநிலத்தின் விளிம்பில் இருந்து கிளியூர்ப் பள்ளத்தாக்கில் விழுகிறது.

இதன் விளைவாக, மழை தொடங்கியவுடன் நீர்வீழ்ச்சி பெருகுவதில்லை. ஏரி நிரம்புவதற்குத் தேவையான காலம் கழிந்த பின்னரே அது முழு வீச்சை அடைகிறது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் சூன் முதல் செப்டம்பர் வரையும், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரையும் நீர்வரத்து மிகுதியாக இருக்கும். கோடைக்காலத்தில் ஏரியின் மட்டம் மறுகாலுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது நீர்வீழ்ச்சி மெல்லிய கசிவாகக் குறைவதும், முற்றிலும் வறண்டு பாறை மட்டும் தெரிவதும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வரும் மே மாதத்தில் நீர்வீழ்ச்சி பெரும்பாலும் வறண்டு காணப்படுவதற்கு இதுவே காரணம் ஆகும்.

உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய மலை வாழிடங்களின் ஏரிகள் மனிதரால் அமைக்கப்பட்டவை. உதகை ஏரி 1820-களில் யான் சல்லிவன் முயற்சியாலும், கொடைக்கானல் ஏரி 1863-இல் வேர் என்றி லெவிஞ்சு முயற்சியாலும் உருவாயின. ஏற்காடு ஏரி இயற்கையாக அமைந்தது எனக் கருதப்படுகிறது.

நீர்வீழ்ச்சியின் அடிப்பகுதிக்குச் செங்குத்தான சரிவில் இறங்கிச் செல்ல வேண்டும். இறங்குவதற்குப் படிகள் உள்ளன. மழைக்காலத்தில் படிகளும் பாறைகளும் பாசி படர்ந்து வழுக்கும். மேலே ஏரிப் பகுதியில் பலத்த மழை பெய்தால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதும் நீர்வரத்து திடீரென உயரக்கூடும். இறங்குவதைவிட ஏறுவது கடினம் ஆகையால் முதியோரும் இதய நோய் உள்ளோரும் இதனைக் கருத்திற் கொள்வது நல்லது.

காலநிலை

மலையடிவாரத்தில் உள்ள சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றின் வெப்பநிலை சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6 முதல் 7 பாகை செல்சியசு குறைகிறது. எனவே சேலத்தைவிட 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு ஏறத்தாழ 8 பாகை குளிர்ச்சியாக இருக்கிறது. ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறும்போது குளிர்ந்து மழையாக மாறுவதால், சமவெளியைவிட இங்கு மழையும் அதிகம் ஆகும். ஏற்காட்டைவிடத் தாழ்வாகவும் விளிம்புச் சரிவிலும் அமைந்துள்ள கிளியூர்ப் பள்ளத்தாக்கு சற்று வெப்பமானது.

மக்கள்

சேர்வராயன் மலையின் தொல்குடிகள் மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஆவர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் இப்பெயர் வழங்குகிறது. கேரள மாநிலத்தில் மலையாள மொழி பேசுவோருடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்களின் தாய்மொழி தமிழ் ஆகும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பவர்கள் மலையாளிகளே. அக்கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்தப் பழங்குடி மக்கள்தொகை 7,94,697 ஆக இருந்தது. அதில் 3.5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவர்கள்.

தம் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தனர் என்பது இவர்களின் வாய்மொழி மரபு ஆகும். மூன்று உடன்பிறந்தோர் புறப்பட்டு, மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்று அம்மரபு கூறுகிறது. இம்மூன்று மலைகளிலும் வாழ்வோர் தம்மை ஒரே கிளையினராகக் கருதுவதற்கு இக்கதை அடிப்படையாக உள்ளது. எட்கார் தர்சுட்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல் தொகுதியில் இம்மக்களைப் பற்றிய விரிவான பதிவு உள்ளது.

மலையாளிகள் மரபாகச் சாமை, தினை, கேழ்வரகு முதலிய புன்செய்ப் பயிர்களை விளைவித்தனர். இவை ஏரிப்பாசனம் இன்றி மழையை மட்டும் நம்பி விளைபவை. இன்று பலர் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்கின்றனர். சிலர் சிறு அளவில் காப்பி, மிளகு ஆகியவற்றைச் சொந்தமாகவும் பயிரிடுகின்றனர்.

நில உரிமை இம்மக்களின் முதன்மையான சிக்கல்களுள் ஒன்று ஆகும். தோட்டங்கள் விரிந்தபோது, பயிரிடவும் மேய்க்கவும் அவர்கள் பயன்படுத்திய நிலம் சுருங்கியது. இந்திய அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. பிற மாநிலங்களில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதிகளில், பழங்குடியினரின் நிலம் பிறருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்த ஆளுநருக்குத் தனி அதிகாரம் உண்டு. சேர்வராயன் மலைக்கு அப்பாதுகாப்பு இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 திசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தைப் பயன்படுத்திவரும் பழங்குடியினருக்கு உரிமை கோரும் வாய்ப்பை அளிக்கிறது. எனினும் அச்சட்டம் வன நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். தனியார் தோட்டங்களாக மாறிய நிலம் அதன் வரம்புக்குள் வராது.

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது ஆகும். தமிழ்நாட்டில் இவ்வாறு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு மட்டுமே.

காப்பித் தோட்டங்கள்

ஏரியில் இருந்து கிளியூருக்குச் செல்லும் வழியின் இருபுறமும் காப்பித் தோட்டங்கள் உள்ளன. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். பேரி முதலிய பழ மரங்களையும் அவரே கொண்டுவந்தார். ஏற்காட்டில் உள்ள கிரேஞ்சு தோட்டம் அவருடன் தொடர்புடையது ஆகும்.

1842-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ ஏற்காட்டை அளவாய்வு செய்தார் என்னும் செய்தி பல சுற்றுலாக் கையேடுகளில் காணப்படுகிறது. மன்றோ 1827-ஆம் ஆண்டிலேயே காலராவால் இறந்துவிட்டார். ஆதலால் இச்செய்தி சரியானது அன்று.

இங்கு பயிரிடப்படுவது பெரும்பாலும் அராபிக்கா வகைக் காப்பி ஆகும். இது நேரடி வெயிலைத் தாங்காது என்பதால் நிழல் மரங்களின் கீழ் வளர்க்கப்படுகிறது. ஆத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக், பலா முதலியவை நிழல் மரங்களாகப் பயன்படுகின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றப்படுகிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடைமழைக்குப் பின்னர் காப்பிச் செடிகள் வெண்ணிறப் பூக்களால் நிறைகின்றன. மல்லிகையை ஒத்த மணம் கொண்ட இப்பூக்கள் சில நாட்களே நீடிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழங்கள் பறிக்கப்படுகின்றன.

பறித்த பழங்களை இரு முறைகளில் பதப்படுத்தலாம். பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்துவது ஒரு முறை. இதில் நீர் தேவையில்லை. பழத்தின் தோலை இயந்திரத்தால் நீக்கி, கொட்டையின் மேலுள்ள வழவழப்பான சதையை நொதிக்கச் செய்து, நீரில் கழுவி உலர்த்துவது மற்றொரு முறை. இரண்டாம் முறையில் கிடைக்கும் காப்பிக்கு விலை அதிகம். ஆனால் கழுவிய நீரில் கரிமக் கழிவு மிகுதியாக இருக்கும். அது நேரடியாக ஓடையில் விடப்பட்டால் நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைந்து மீன்களும் பிற நீர்வாழ் உயிர்களும் பாதிக்கப்படும்.

குறிப்பிடத்தக்கவர்கள்

ஏற்காட்டுடன் தொடர்புடைய இருவர் தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் ஆவர்.

பீட்டர் பெர்சிவல் (1803 - 1882) யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய வெசுலியன் மதப்பணியாளர் ஆவார். அவரும் ஆறுமுக நாவலரும் இணைந்து விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தனர். பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தும் வெளியிட்டார். தம் இறுதிக் காலத்தை ஏற்காட்டில் கழித்து 1882-இல் இங்கேயே மறைந்தார்.

இராபர்ட்டு புரூசு பூட் (1834 - 1912) பெர்சிவலின் மருமகன் ஆவார். இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையில் பணியாற்றிய இவர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனித வாழ்வு மிகத் தொன்மையானது என்பதை நிறுவிய கண்டுபிடிப்பு இது ஆகும். ஓய்வு பெற்ற பின்னர் இவர் ஏற்காட்டில் வாழ்ந்தார். இவர் திரட்டிய தொல்பொருட்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. கொல்கத்தாவில் இறந்த இவருக்கு ஏற்காடு தூய திரித்துவ ஆலய வளாகத்தில் நினைவிடம் உள்ளது. புதிய கற்காலத்தைச் சேர்ந்த மெருகேற்றிய கற்கோடரிகள் சேர்வராயன் மலையிலும் கிடைத்துள்ளன. மேட்டுநிலத்தில் மனிதர் வாழத் தொடங்கியது காப்பிக்கும் ஆங்கிலேயருக்கும் மிக முற்பட்டது என்பதற்கு இவை சான்று ஆகும்.

உயிரினங்கள்

மலையின் பெரும் பகுதி தோட்டமாக மாறியபோதிலும், ஓடைக்கரைகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும் இயற்கைக் காடுகள் எஞ்சியுள்ளன. கிளியூர்ப் பள்ளத்தாக்கும் அத்தகைய சரிவுகளைக் கொண்டது. சேர்வராயன் மலையில் காட்டெருதுகள் வாழ்கின்றன. அவை தோட்டங்களுக்குள்ளும் சாலைகளிலும் வருவது உண்டு.

1863-இல் ரிச்சர்டு பெட்டோம் விவரித்த கேடயவால் பாம்பு இனம் ஒன்று இம்மலைக்கே உரியது. மண்ணுக்குள் வாழும் நஞ்சற்ற இப்பாம்பின் அறிவியல் பெயரில் உள்ள சார்ட்டு என்னும் சொல், ஏற்காட்டில் வாழ்ந்த மருத்துவர் யான் சார்ட்டைக் குறிக்கிறது. நீண்ட காலம் வேறோர் இனத்தின் வகையாகக் கருதப்பட்ட இது அண்மைக் காலத்தில் மீண்டும் தனி இனமாக ஏற்கப்பட்டுள்ளது. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிரினம் சில நூறு சதுர கி.மீ பரப்பில் மட்டும் வாழும்போது, அம்மண்ணில் ஏற்படும் மாற்றம் அதன் முழு இருப்பையும் பாதிக்கக்கூடும்.

இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் 1963 முதல் ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் ஒன்றைப் பேணி வருகிறது. பூச்சிகளைச் சிக்கவைக்கும் குடுவைத் தாவரத்தையும் அங்கு காணலாம்.

பாக்சைட்டும் நீரும்

சேர்வராயன் மலையின் உயர்ந்த மேடுகளின் மீது பாக்சைட் படிந்துள்ளது. வெப்பமும் மழையும் மிகுந்த சூழலில் பாறை நெடுங்காலம் சிதைவுறும்போது, பிற கனிமங்கள் கரைந்து நீங்கி அலுமினியம் செறிந்த மண் எஞ்சுகிறது. அதுவே பாக்சைட் ஆகும். மேட்டூரில் 1960-களில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் நிறுவனத்திற்காக இங்கு பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டது. 2008-இல் அந்நிறுவனத்தின் அலுமினிய உற்பத்தி நின்றது.

பாக்சைட் நுண்துளைகள் கொண்டது. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து, மழை நின்ற பின்னரும் ஊற்றுகள் வழியே மெதுவாக வெளியிடும் தன்மை அதற்கு உண்டு. மேலுள்ள மண்ணும் மரங்களும் நீங்கிய இடத்தில் மழைநீர் தங்காது விரைந்து ஓடுவதுடன், மண்ணையும் அரித்துத் தாழ்ந்த இடங்களில் படியச் செய்யும். ஓர் ஏரியின் அடியில் வண்டல் படிந்தால் அதன் கொள்ளளவு குறையும். அந்நிலையில் ஏரி மழைக்காலத்தில் விரைவில் நிரம்பி வழியும், கோடையில் விரைவில் வற்றும். அதன் மறுகாலை நம்பியுள்ள நீர்வீழ்ச்சியும் குறுகிய காலம் பெருகி நீண்ட காலம் வறண்டிருக்கும்.

நீரின் தன்மைக்கும் இதுவே பொருந்தும். ஏரிக்கரையில் படகுத்துறை, கடைகள், விடுதிகள் உள்ளன. ஏரியில் கலக்கும் கழிவுநீரும் குப்பையும் மறுகால் வழியே பள்ளத்தாக்கை அடைகின்றன. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. மேட்டுநிலத்தில் இத்தடை பின்பற்றப்படுவதன் முதல் பயனாளிகள், ஓடையின் கீழ்ப்புறம் வாழும் சிற்றூர் மக்களே ஆவர்.

சுற்றியுள்ள இடங்கள்

சேர்வராயன் கோயில்: ஏற்காட்டுப் பகுதியின் மிக உயர்ந்த மேடுகளுள் ஒன்றில், 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த குகைக் கோயில் ஆகும். சேர்வராயனுடன் காவிரியம்மனும் இங்கு வழிபடப்படுகிறார். மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்கு மலைச் சிற்றூர்களின் மக்கள் திரளாக வருகின்றனர்.

சீமாட்டி இருக்கை: மேட்டுநிலத்தின் தென்மேற்கு விளிம்பில் உள்ள காட்சிமுனை. சேலம் நகரையும் வளைந்தேறும் மலைப்பாதையையும் காணலாம். வானம் தெளிவாக உள்ள நாட்களில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும்.

பகோடா முனை: கிழக்கு விளிம்பில் உள்ள காட்சிமுனை. அடுக்கப்பட்ட கற்குவியல்களால் இப்பெயர் பெற்றது.

பள்ளிகள்: 1894-இல் தொடங்கப்பட்ட திரு இருதயப் பள்ளி, 1917-இல் தொடங்கப்பட்ட மான்ட்போர்ட் பள்ளி ஆகியவை ஏற்காட்டின் பழமையான கல்வி நிறுவனங்கள் ஆகும்.

மலைச் சிற்றூர்கள்: நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வாழவந்தி, மஞ்சகுட்டை, தலைச்சோலை முதலியன ஏற்காட்டைச் சுற்றி அமைந்துள்ளன.

போக்குவரத்து

சேலத்தில் இருந்து ஏற்காட்டிற்கு ஏறத்தாழ 30 கி.மீ தொலைவு ஆகும். முதன்மை மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குப்பனூர் வழியாக மற்றொரு பாதையும் உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவால் ஒரு பாதை அடைபட்டால் மற்றது பயன்படுகிறது. அண்மையில் உள்ள பெரிய தொடர்வண்டி நிலையம் சேலம் சந்திப்பு ஆகும். சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே சேலம் வழியாக இயங்கும் ஏற்காடு விரைவுவண்டி இம்மலை வாழிடத்தின் பெயரைத் தாங்கியுள்ளது.

ஏற்காடு ஏரியில் இருந்து கிளியூர் நீர்வீழ்ச்சிக்கு வாகனத்தில் சிறிது தொலைவு சென்று, எஞ்சிய வழியை நடந்தே கடக்க வேண்டும். நீர்வரத்தையும் பாதுகாப்பான இறக்கத்தையும் ஒருங்கே கருதினால், பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்துள்ள காலமே இங்கு செல்வதற்கு ஏற்றது ஆகும்.